வாசகர் கேள்வி–பதில்: ஆப்பிரிக்க நாவல்களில் ஊர் விட்டுப் போனவர்கள்

இந்த இதழுக்கு வந்த கடிதங்களில் பெரும்பாலானவை ஆப்பிரிக்கப் புனைகதைகளில் வரும் புலம்பெயர்வையும் நாடிழந்த நிலையையும் பற்றியே கேட்டிருந்தன. ஆகவே இம்முறை பகுதி முழுவதும் அதற்கே ஒதுக்கப்படுகிறது.

கேள்வி: 2021ஆம் ஆண்டு இலக்கிய நோபல் பெற்ற அப்துல்ரசாக் குர்னாவை 'அகதிகளைப் பற்றி எழுதுகிறவர்' என்று மட்டுமே எல்லோரும் அறிமுகப்படுத்துகிறார்கள். அவ்வளவுதானா? அவருடைய நாவல்களில் எதிலிருந்து தொடங்கலாம்?
— கல்லூரி ஆசிரியை, திருநெல்வேலி

பதில்: 2001இல் வெளிவந்த 'பை தி சீ' நாவலிலிருந்து தொடங்குங்கள். ஒரு மனிதனுடைய நெடுங்கதையில் 'அகதி' என்ற சொல்லுக்குள் அடங்குவது எவ்வளவு சிறிய பகுதி என்பது அதைப் படிக்கும்போது விளங்கும்.

சாலே ஒமார் என்னும் அறுபத்தைந்து வயதுக்காரர் சான்சிபாரிலிருந்து புறப்பட்டு லண்டனின் கேட்விக் விமான நிலையத்தில் வந்து இறங்குகிறார். அவருக்கு ஆங்கிலம் நன்றாகத் தெரியும். ஆனால் தெரியாதவர்போல இருந்துவிடும்படி பயணச்சீட்டு விற்றவர் சொல்லி அனுப்பியிருப்பதால், 'அகதி', 'அடைக்கலம்' என்னும் இரண்டு சொற்களுக்கு மேல் அவர் வாய் திறப்பதில்லை. குடியேற்ற அதிகாரி பையைக் கிளறுகிறார், உள்ளிருந்த மரப்பேழையைத் திறந்து முகர்ந்து பார்க்கிறார், பிறகு அதைத் தமக்கென்று எடுத்துக்கொள்கிறார். பேழையில் இருப்பது 'ஊத் அல் கமாரி' என்னும் உயர்ந்த நறும்புகைப் பொருள். நம் மொழியில் அது அகில். பூஞ்சை பற்றிய மரத்தில்தான் அந்தப் பிசின் ஊறும் என்றும், நோயற்ற மரம் ஒன்றுக்கும் உதவாது என்றும் அந்த முதியவர் நினைத்துக்கொள்கிறார். 'கமாரி' என்பது நிலவைக் குறிக்கும் சொல் என்று நெடுங்காலம் நம்பியிருந்தவர், அது கம்போடியாவின் கெமர் என்ற பெயர் மருவி வந்தது என்று பின்னால்தான் அறிந்துகொண்டார். கம்போடியாவில் விளைந்த பொருள், பாரசீக வணிகர் ஒருவர் கைமாற்றிக் கொடுத்து, பருவக்காற்றில் மரக்கலம் ஏறிக் கிழக்கு ஆப்பிரிக்கக் கரைக்கு வந்து சேர்ந்திருக்கிறது. 'அகிலும் துகிலும் ஆரமும் வாசமும்' சுமந்துகொண்டு மதுரைக்குள் நுழைகிற கொண்டல் காற்றைச் சிலப்பதிகாரத்தின் ஊர்காண் காதையில் படித்தவர்களுக்கு இந்தப் பக்கங்கள் அந்நியமாகப் படாது. அதே கடலுடைய மேற்குக் கரையின் கதைதான் இது.

பேழையை எடுத்துக்கொள்கிற அதிகாரி, தம்முடைய பெற்றோரும் ருமேனியாவிலிருந்து அகதிகளாக வந்தவர்களே என்று சொல்லிக்கொண்டே, நீங்கள் இந்த மண்ணுக்கு உரியவர் அல்லர் என்றும் சொல்கிறார். குர்னாவின் நகைச்சுவை இப்படித்தான் குரல் உயர்த்தாமல் வேலை செய்யும்.

இனிமேல்தான் கதையே தொடங்குகிறது. கடவுச்சீட்டில் இருக்கும் பெயர் முதியவருடையதன்று. ஊரில் ஒரு வீட்டுக்காகத் தம்மோடு தீராப் பகை கொண்டிருந்து இறந்துபோன ஒருவரின் பெயரை அவர் பூண்டு வந்திருக்கிறார். அந்த இறந்தவரின் மகன் லதீஃப், லண்டனில் விரிவுரையாளராக இருக்கிறான். தன் தந்தையின் பெயரோடு யாரோ வந்திருக்கிறார் என்று கேள்விப்பட்டு அவன் தேடி வருகிறான். ஆங்கிலக் கடலோர ஊர் ஒன்றில் இருவரும் எதிரெதிரே அமர்ந்து, கடன், அடமானம், மேசை நாற்காலி, வீட்டுப் பத்திரம், சிறைவாசம் என்று பழைய கணக்குகளை ஒவ்வொன்றாகப் பிரிக்கிறார்கள். ஒருவர் சொல்லும் கதை மற்றவர் சொல்வதோடு முழுதாகப் பொருந்துவதில்லை. 1963 டிசம்பரில் விடுதலை பெற்ற சான்சிபாரில் அடுத்த ஜனவரி 12ஆம் நாளே புரட்சி வெடித்து, அரபு வம்சத்தாரும் இந்தியரும் உயிரையும் உடைமையையும் இழந்தார்கள் என்ற வரலாறு பின்னணியில் இருக்கிறது. 1948இல் அங்கே பிறந்த குர்னா 1960களின் பிற்பகுதியில் இங்கிலாந்து போய்ச் சேர்ந்தவர். இருந்தும் அவர் புரட்சியை மட்டும் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுவதில்லை. ஒரே தெருவில் வாழ்ந்தவர்கள் ஒருவருக்கொருவர் செய்த சிறுமைகளையும் அவர் கணக்கில் எழுதுகிறார்.

அதன்பின் 1994இல் வந்த 'பாரடைஸ்' நாவலுக்குப் போகலாம். அதில் பன்னிரண்டு வயது யூசுஃப், தந்தை பட்ட கடனுக்கு ஈடாக 'மாமா' என்று அழைக்கப்படும் வணிகரோடு அனுப்பப்படுகிறான். அவர் உன் மாமா இல்லை என்று, அவனைப் போலவே அடகுக்கு வந்த மூத்த பையன் ஒருவன்தான் அவனிடம் சொல்கிறான். கண்டம் விட்டுக் கண்டம் போகாமலே ஒரு சிறுவன் நாடிழக்க முடியும்.

கேள்வி: புலம்பெயர்ந்தவர், அகதி, நாடுகடத்தப்பட்டவர் ஆகிய சொற்களை விமரிசகர்கள் மாற்றி மாற்றிப் பயன்படுத்துகிறார்கள். ஆப்பிரிக்க எழுத்தாளர்களின் வாழ்க்கையில் இவற்றுக்கிடையே வேறுபாடு உண்டா?
— ஆய்வு மாணவர், யாழ்ப்பாணம்

பதில்: உண்டு. அந்த வேறுபாட்டைத் தீர்மானித்தவை பெரும்பாலும் காகிதங்கள். நிறவெறி ஆட்சிக் காலத்துத் தென்னாப்பிரிக்காவில் 'வெளியேறும் அனுமதி' என்று ஒன்று இருந்தது. கடவுச்சீட்டு மறுக்கப்பட்டவர் அதற்கு விண்ணப்பிக்கலாம், கிடைத்தால் நாட்டை விட்டுப் போகலாம், ஆனால் போனபின் திரும்பி வரும் உரிமை இராது. துரத்தினோம் என்ற பழியும் அரசுக்கு இல்லை, இருக்கவிட்டோம் என்ற பேச்சுக்கும் இடமில்லை. பத்திரிகையாளர் நாட் நகாசா அப்படி 1964இல் புறப்பட்டு, மறு ஆண்டே நியூயார்க்கில் உயர்ந்த கட்டடம் ஒன்றிலிருந்து விழுந்து இறந்தார். அவருடைய உடலின் எச்சங்கள் சொந்த மண்ணுக்குத் திரும்பியது 2014இல்தான்.

அதே 1964இல், அதே வகை அனுமதியோடு, சின்னஞ்சிறு மகனை அழைத்துக்கொண்டு எல்லை கடந்தவர் பெஸ்ஸி ஹெட். மனநல மருத்துவமனையில் வைக்கப்பட்டிருந்த வெள்ளைத் தாய்க்கும் கறுப்புத் தந்தைக்கும் 1937இல் பிறந்த அவருக்கு, தென்னாப்பிரிக்காவின் எந்தப் பதிவேட்டிலும் சரியான இடம் கிடைத்ததில்லை. இன்று போட்ஸ்வானா எனப்படும் நாட்டின் செரோவே என்னும் பெரிய கிராமத்துக்கு ஆசிரியராகப் போனார். அந்நாட்டுக் குடியுரிமைக்கு அவர் முதலில் செய்த விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டது. 1979இல் அது கிடைத்தபோது அவர் அங்கே வந்து பதினைந்து ஆண்டுகள் ஆகியிருந்தன. அதன்பின் ஏழு ஆண்டுகளே உயிரோடிருந்தார்.

அவருடைய 'எ கொஸ்டின் ஆஃப் பவர்' நாவலைத்தான் விமரிசகர்கள் உச்சியில் வைப்பார்கள். நாம் பேசுகிற பொருளுக்கு, 1968இல் வந்த முதல் நாவலான 'வென் ரெய்ன் கிளவுட்ஸ் கேதர்' அதைவிட வலுவானது என்பது என் எண்ணம். தென்னாப்பிரிக்காவிலிருந்து இரவில் எல்லை வேலியைத் தாண்டி ஓடிவரும் மக்காயா, கோலெமா ம்மிடி என்ற கிராமத்தில் தங்குகிறான். அந்தப் பெயர் எந்தத் தலைவனுடைய பெயரிலிருந்தும் வரவில்லை. பயிரிடுதல் என்ற தொழிலிலிருந்து வந்தது. அங்கே குடியிருப்பவர்களில் பலர் எங்கெங்கோ எதையெதையோ இழந்து வந்து சேர்ந்தவர்கள். மக்காயாவை வெளியேற்றப் பார்க்கிறவன் வெள்ளை அதிகாரி அல்லன், அவ்வூர்த் தலைவனே. வறட்சி, மாடுகளின் சாவு, புகையிலைச் சாகுபடி, கூட்டுறவு என்று புனைகதைக்கு ஒவ்வாதவை எனத் தோன்றும் செய்திகளால் நிறைந்த அந்த நாவலில், ஒருவன் ஓர் ஊருக்கு உரியவன் ஆவது மண்ணைக் கிளறும் வேலையினூடாக நடக்கிறது. அடுத்து வந்த 'மாரு'வில், யாரும் மனிதராக மதிக்காத மசார்வா இனத்துப் பெண் ஒருத்தி பள்ளி ஆசிரியையாக வந்து நிற்கிறாள். புகலிடம் தந்த நாட்டிலும் தீண்டத்தகாதவர் உண்டு என்பதைப் பெஸ்ஸி ஹெட் மறைக்கவில்லை.

இன்னொரு வகைக்குச் சோமாலியாவின் நூருத்தீன் ஃபாராவைச் சொல்லலாம். அவருக்கு எந்த ஆணையும் வரவில்லை. 1976இல் ரோமில் இருந்தபோது ஊருக்குத் தொலைபேசியில் பேசினார். அவருடைய நாவலால் சியாத் பாரேயின் ஆட்சி சினம் கொண்டிருக்கிறது, திரும்பி வராதே என்று உடன்பிறந்தவர் சொன்னார். 1974இல் நாட்டை விட்டுப் போயிருந்த அவர் மறுபடி அங்கே கால் வைத்தது 1996இல்.

கேள்வி: ஆப்பிரிக்க நாவல் என்றாலே நாயகன் லண்டனுக்கோ நியூயார்க்கிற்கோ போவதாகத்தான் இருக்குமா? சலிப்பாக இருக்கிறது.
— வங்கி ஊழியர், கோயம்புத்தூர்

பதில்: உங்கள் சலிப்பு நியாயமானதுதான், ஆனால் குறையை நாவல்களின்மேல் மட்டும் ஏற்ற வேண்டாம். நம் கைக்கு வந்து சேர்பவை லண்டனிலும் நியூயார்க்கிலும் அச்சானவை. தம் வாசலைத் தட்டும் கதைகளையே அந்நகரங்கள் விரும்பிப் பதிப்பிக்கின்றன. ஐக்கிய நாடுகள் அவையின் மதிப்பீட்டின்படி 2020இல் பிறந்த நாட்டை விட்டு மற்றோர் ஆப்பிரிக்க நாட்டில் வாழ்ந்த ஆப்பிரிக்கர் ஏறத்தாழ 2 கோடியே 10 லட்சம் பேர். கண்டத்துக்கு வெளியே வாழ்ந்தவர்கள் அதைவிடச் சற்றுக் குறைவு.

பீட்டர் ஆப்ரகாம்ஸின் 'மைன் பாய்' 1946இலேயே வந்துவிட்டது. வடக்கிலிருந்து நடந்து வரும் சூமா, ஜோகன்னஸ்பர்க்கின் மலாய் கேம்ப் குடியிருப்பில் கள்ளத்தனமாகச் சாராயம் காய்ச்சி விற்கும் லியா என்ற பெண்ணின் வீட்டில் இடம் பிடித்து, தங்கச் சுரங்கத்தில் இறங்குகிறான். எல்லைக் கோடு எதையும் அவன் தாண்டவில்லை. இருந்தும், நடமாடுவதற்குக் காவலரிடம் காட்ட வேண்டிய அனுமதிச் சீட்டு இல்லாவிட்டால் தன் சொந்த நாட்டின் தெருவில் அவன் குற்றவாளி.

2001இல் வந்த ஃபஸ்வானே ம்பேயின் 'வெல்கம் டு அவர் ஹில்பிரோ' மெல்லிய நூல்தான், ஒரே மாலையில் படித்துவிடலாம். இறந்துபோன ஓர் இளைஞனை 'நீ' என்று முன்னிலையில் விளித்தே கதை முழுதும் நடக்கிறது. கிராமத்திலிருந்து ஜோகன்னஸ்பர்க்கின் ஹில்பிரோ பகுதிக்கு வந்து குவிந்தவர்கள், பிற ஆப்பிரிக்க நாடுகளிலிருந்து வந்தவர்களை 'மக்வெரெக்வெரே' என்று இகழ்கிறார்கள். புரியாத பேச்சு காதில் எப்படி விழுகிறதோ அதைக் கேலியாகத் திருப்பிச் சொல்லும் ஒலிக்குறிப்பு அது. அந்த இகழ்ச்சியில் பங்குகொண்ட பெண்ணொருத்தி படிப்புக்காக இங்கிலாந்து போகும்போது, ஹீத்ரோ விமான நிலையத்தில் நைஜீரியர்களும் அல்ஜீரியர்களும் நடத்தப்படும் விதத்தைக் கண்டு, அங்கேயும் மக்வெரெக்வெரே உண்டு என்று உணர்கிறாள். ம்பே 2004இல் இளம் வயதிலேயே காலமானார். அந்தச் சொல்லைக் கூவிக்கொண்டு கும்பல்கள் தெருவில் இறங்கி 62 பேர் உயிரிழந்த 2008 மே மாதத்தை அவர் பார்க்கவில்லை.

கேள்வி: இந்த நாவல்களில் சிரிப்பே கிடையாதா?
— வாசகர், மதுரை

பதில்: உண்டு, ஆனால் கசப்பான சிரிப்பு. எத்தியோப்பியாவில் பிறந்து அமெரிக்காவில் வளர்ந்த தினாவ் மெங்கெஸ்து 2007இல் எழுதிய முதல் நாவலில், வாஷிங்டனில் சிறிய மளிகைக் கடை வைத்திருக்கும் எத்தியோப்பியர் ஒருவரும் அவருடைய கென்ய, காங்கோ நண்பர்களும் ஒரு விளையாட்டு வைத்திருக்கிறார்கள். ஒருவர் ஏதாவது ஓர் ஆப்பிரிக்கச் சர்வாதிகாரியின் பெயரைச் சொல்ல வேண்டும். மற்றவர்கள் அவர் எந்த நாட்டில், எந்த ஆண்டில் ஆட்சியைக் கவிழ்த்தார் என்று சொல்ல வேண்டும். ஆண்டுக்கணக்கில் ஆடியும் பெயர்கள் தீர்வதில்லை.

கேள்வி: வெளிநாடு போன பெண்கள் எழுதியவை ஆண்கள் எழுதியவற்றிலிருந்து வேறுபடுகின்றனவா?
— இல்லத்தரசி, நாகர்கோவில்

பதில்: நன்றாகவே வேறுபடுகின்றன. ஆண்களின் நாவல்களில் நாடு பெரிய எழுத்தில் இருக்கும். பெண்களின் நாவல்களில் வாடகை அறை, குழந்தையைப் பார்த்துக்கொள்ள ஆள், அடுத்த வாரச் சம்பளம் ஆகியவை பெரிய எழுத்தில் இருக்கும்.

லாகோஸில் 1944இல் பிறந்த புச்சி எமெச்செட்டா, தம் வாழ்க்கையை ஒட்டி 1974இல் எழுதிய 'செகண்ட் கிளாஸ் சிட்டிசன்' நாவலின் ஆடா, தான் சம்பாதித்த பணத்தில் கணவனை லண்டனுக்குப் படிக்க அனுப்பிவிட்டு, பின்னால் தானும் குழந்தைகளோடு போய்ச் சேர்கிறாள். கறுப்பர்களுக்கு இடமில்லை என்று பலகை தொங்கும் தெருக்களில் வீடு தேடுகிறாள். கணவன் தேர்வுகளில் தோற்றுக்கொண்டே இருக்க, இவள் நூலகத்தில் வேலை பார்க்கிறாள். பள்ளி நோட்டுப் புத்தகங்களில் அவள் எழுதி முடித்த முதல் நாவலைக் கணவன் எரித்துவிடுகிறான். எல்லோரும் பேசுவது இந்தக் காட்சியைப் பற்றித்தான். இறுதியில் வரும் நீதிமன்றக் காட்சி என்னை அதைவிட அதிகமாகக் கலங்க வைத்தது. நாங்கள் மணம் செய்துகொள்ளவே இல்லை என்கிறான் அவன். திருமணச் சான்றும் குழந்தைகளின் பிறப்புச் சான்றுகளும் முன்னமே நெருப்புக்குப் போயிருக்கின்றன என்பது அப்போதுதான் ஆடாவுக்குப் புரிகிறது. வேற்று நாட்டின் அதிகாரி செய்யக்கூடியதை வீட்டுக்குள் இருந்தவனே செய்துவிட்டான். நீதிமன்றத்தை விட்டு வெளியே வந்து நிற்பவளை, பழைய ஊர்க்காரர் ஒருவர் இக்போ மக்கள் உச்சரிக்கிற விதத்திலேயே பெயர் சொல்லிக் கூப்பிட்டு, வாடகைக் காருக்குப் பணமும் கொடுத்து அனுப்புகிறார். அவள் இன்னும் கணவனோடுதான் இருக்கிறாள் என்று நினைத்துக் கொடுத்த பணம் அது.

பிரெஞ்சு மொழியில் எழுதும் செனெகல் நாட்டு ஃபத்து தியோமின் 2003ஆம் ஆண்டு நாவல் 'அட்லாண்டிக்கின் வயிறு' என்று பொருள்படும் தலைப்புடையது. நியோதியோர் தீவில் இருக்கும் தம்பிக்குக் கால்பந்து வீரனாகிப் பிரான்சுக்கு வந்துவிட வேண்டும் என்று வெறி. அவனுடைய தெய்வம் இத்தாலிய வீரர் மால்தினி. தீவில் தொலைக்காட்சி பழுதாகும்போதெல்லாம், ஆட்டம் எப்படி முடிந்தது என்று பிரான்சில் இருக்கும் அக்கா சாலிதான் தொலைபேசியில் சொல்ல வேண்டும். அந்தத் தொலைக்காட்சிக்குச் சொந்தக்காரர், பாரிஸில் பட்ட அவமானங்களை மறைத்துச் செல்வக் கதைகள் மட்டுமே அளக்கிற, ஊர் திரும்பிய ஒருவர். உண்மையைச் சொல்லும் அக்காவைத் தம்பி நம்புவதில்லை. சுகத்தைத் தான் மட்டும் அனுபவிக்க நினைக்கிறாள் என்று சந்தேகிக்கிறான்.

இன்று பலரும் கேட்கும் சிமமாண்டா அடிச்சியின் 'அமெரிக்கானா' (2013) பற்றியும் ஒரு சொல். நாயகி இஃபெமெலுவின் தலைமுடி பற்றிய பக்கங்களே பேசப்படுகின்றன. லண்டனில், அவள் காதலித்த ஒபின்சே, வேலைக்கு வேண்டிய அரசுக் காப்பீட்டு எண்ணை வேறொருவனிடம் இரவல் வாங்கி, 'வின்சென்ட்' என்ற பெயரில் வேலை செய்து, அந்தப் பெயருக்கு வாடகையாகச் சம்பளத்தில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேல் கொடுக்கிற அத்தியாயங்களை நிதானமாகப் படியுங்கள்.

கேள்வி: என் பாட்டியின் தமையனார் நேட்டாலுக்குக் கரும்புத் தோட்டக் கூலியாகப் போனவர்; அதன்பின் செய்தி இல்லை. ஆப்பிரிக்கப் புனைகதையில் இந்தியர்களும் தமிழர்களும் எப்படி வருகிறார்கள்?
— ஓய்வுபெற்ற ஆசிரியர், வேலூர்

பதில்: சென்னையிலிருந்து 342 பேரோடு புறப்பட்ட ட்ரூரோ கப்பல் 1860 நவம்பர் 16 அன்று தென்னாப்பிரிக்காவின் டர்பனை அடைந்தது. 1911இல் அந்த ஒப்பந்தக் கூலி முறை நிறுத்தப்படுவதற்குள் ஒன்றரை லட்சத்துக்கும் மேற்பட்டோர் நேட்டாலுக்குக் கொண்டுபோகப்பட்டார்கள். அவர்களில் பெரும்பகுதியினர் சென்னைத் துறைமுகத்தில் ஏறிய தமிழரும் தெலுங்கரும். உங்கள் வட ஆர்க்காட்டுப் பகுதியிலிருந்து சென்றவர்களும் நிறைய. ஒவ்வொருவருக்கும் ஓர் எண் தரப்பட்டது, அந்த எண்ணோடுதான் பதிவேட்டில் பெயர் ஏறியது. எழுத்தர் காதில் விழுந்தபடி எழுதிய பெயர்களையே அவர்களுடைய கொள்ளுப்பேரர்கள் இன்றும் குடும்பப் பெயராகத் தாங்குகிறார்கள்.

அந்தச் சமூகத்தின் உள்ளிருந்து எழுதியவர் ரானி கோவெந்தர் (1934–2021). 1996இல் வந்த அவருடைய 'அட் தி எட்ஜ்' சிறுகதைத் தொகுதி, டர்பனை அடுத்த கேட்டோ மேனர் என்ற குடியிருப்பின் கதை. 1949 ஜனவரியில் அங்கும் சுற்றுப்புறங்களிலும் ஆப்பிரிக்கர்கள் இந்தியர்களைத் தாக்கியதில் மூண்ட கலவரத்தில் 142 பேர் இறந்தார்கள். அவர்களில் ஆப்பிரிக்கர்களின் எண்ணிக்கையே அதிகம். அடுத்த ஆண்டு வந்த இனவாரிக் குடியிருப்புச் சட்டத்தைக் கொண்டு, அடித்துக்கொண்ட இரு சாராரையும் அரசு பின்னர் அங்கிருந்து அப்புறப்படுத்தியது. கோவெந்தரின் பாத்திரங்கள் பேசும் ஆங்கிலம் டர்பன் இந்தியர்களின் ஆங்கிலம். இலக்கண ஆசிரியர் யாரும் ஒப்புக்கொள்ளமாட்டார், ஆனால் காதால் கேட்டால் தமிழ் வீட்டின் வாடை அடிக்கும்.

கிழக்கு ஆப்பிரிக்கக் குஜராத்தியரின் கதைக்கு எம்.ஜி. வசாஞ்சியின் 'தி கன்னி சாக்' (1989) இருக்கிறது. கிழவி ஒருத்தி விட்டுப்போன கோணிப்பையிலிருந்து ஒவ்வொரு பொருளாக வெளியே வர, நான்கு தலைமுறைகளின் கதையும் வெளியே வருகிறது. அந்தக் கோணியின் அடியில் கிடப்பது பெருமைக்குரிய செய்தியன்று. குடும்பத்தின் மூதாதையான வணிகர் தன்ஜி கோவிந்த்ஜிக்கு, தாராதிபு என்ற ஆப்பிரிக்க அடிமைப் பெண்ணிடம் பிறந்த மகன் ஒருவன் உண்டு. அவன் காணாமற்போகிறான், அவனைத் தேடித் தேடித் தந்தை தம் சமூகத்தின் பொதுப் பணத்தையே கரைத்துவிடுகிறார். நாங்கள் எங்கே உரியவர்கள் என்று புலம்பும் சமூகம், தன் வீட்டுக்குள் யாரை உரியவளாக ஏற்காமல் விட்டது என்பதை இவ்வளவு நேர்மையாகக் கேட்ட இந்திய வம்சாவளி நாவல்கள் குறைவு. 1972இல் இடி அமீன் உகாண்டாவின் ஆசியர்களுக்குத் தொண்ணூறு நாள் கெடு வைத்துத் துரத்தியதைப் பற்றிய நினைவுக் குறிப்புகளில் துயரம் மிகுதி. இந்தக் கேள்வி அங்கே அரிதாகவே எழுகிறது.

மற்றபடி, ஆப்பிரிக்கர் எழுதிய நாவல்களில் இந்தியர் பெரும்பாலும் கல்லாவுக்குப் பின்னால் உட்கார்ந்திருப்பவராகவே வருகிறார். குர்னா இதற்கு விலக்கு. 'பாரடைஸ்' நாவலின் காலாசிங்கா என்ற சீக்கியர், வாகனம் பழுதுபார்க்கிறவர். முஸ்லிமாக இல்லாத அவருக்குக் குர்ஆனைச் சுவாஹிலியில் மொழிபெயர்த்துவிட வேண்டும் என்று தீராத ஆசை. நண்பர்கள் அவரைக் கேலி செய்கிறார்கள், ஆனால் அவர் இல்லாமல் அவர்களுடைய பேச்சு களைகட்டுவதில்லை.

கேள்வி: சினுவா அச்சிபியின் 'சிதைவுகள்' தமிழில் படித்தேன். போனவர்கள் திரும்பி வருவதைப் பற்றிய நாவல்கள் எவை?
— வாசகர், திருச்சி

பதில்: முதலில் சொல்ல வேண்டியது சூடானின் தயெப் சாலி அரபு மொழியில் எழுதி 1966இல் வெளிவந்த நாவல், 'வடக்கே புலம்பெயரும் பருவம்' என்று அதன் தலைப்புக்குப் பொருள். ஏழு ஆண்டுகள் ஐரோப்பாவில் படித்துவிட்டு நைல் நதி வளைவில் இருக்கும் தன் கிராமத்துக்கு இளைஞன் திரும்புகிறான். அங்கே முஸ்தஃபா சயீத் என்ற புதியவர் குடியேறியிருக்கிறார். அவரும் ஒருகாலத்தில் லண்டனில் வாழ்ந்தவர். அவர் மறைந்தபின் பூட்டிக் கிடந்த அறையைத் திறந்தால், ஆங்கிலேயர் வீட்டுக் கணப்பு, சுவரெல்லாம் ஆங்கிலப் புத்தகங்கள், ஓர் அரபு நூல்கூட இல்லை, குர்ஆன்கூட ஆங்கிலத்தில். திரும்பி வந்தவர் ஒரு செங்கல் அறைக்குள் திரும்பி வராமலே இருந்திருக்கிறார். கடைசிப் பக்கத்தில் இளைஞன் ஆற்றின் நடுவில், தென்கரைக்கும் வடகரைக்கும் எட்டாத இடத்தில் தத்தளித்துக்கொண்டு, உதவிக்குக் கூவுகிறான்.

கென்யாவின் கூகி வா தியாங்கோ வேறொரு வழி கண்டவர். கமிட்டி என்னும் ஊர்ச் சிறையில் கழிவறைக் காகிதத்தில் அவர் எழுதிய நாவல் 'சிலுவையில் தொங்கும் சாத்தான்' என்று தமிழிலும் வந்திருக்கிறது. 1982இல் கென்யாவுக்குத் திரும்ப முடியாமற்போன பிறகும் அவர் தம் தாய்மொழியான கிக்கூயூவிலேயே நாவல் எழுதினார். 2004இல் ஊர் திரும்பிய இரண்டே வாரங்களில் தங்கியிருந்த இடத்தில் அவரும் அவர் மனைவியும் தாக்கப்பட்டார்கள். 2025 மே 28 அன்று அமெரிக்காவில் அவர் காலமானார்.

இனி, நீங்கள் ஏற்கெனவே படித்த 'சிதைவுகள்'. ஈழத்தவரான என்.கே. மகாலிங்கத்தின் அந்த மொழிபெயர்ப்பின் இரண்டாம் பாகத்தை மறுபடி எடுத்துப் பாருங்கள். துப்பாக்கி தவறி வெடித்து ஒருவன் இறந்ததற்காக, நாயகன் ஒகொங்க்வோ ஏழு ஆண்டுகள் தாயின் ஊரான ம்பாந்தாவில் வாழ வேண்டியிருக்கிறது. அவனை வரவேற்று, நிலம் கொடுத்து, விதைக்கிழங்கும் கொடுக்க ஏற்பாடு செய்பவர் அவனுடைய தாய்மாமன் உச்செண்டு. நன்றாக வாழும்போது ஒருவன் தந்தையின் ஊருக்கு உரியவன், துன்பம் வரும்போது தாயின் ஊரே அவனுக்கு அடைக்கலம் என்று அவர் எடுத்துச் சொல்கிறார். ஒகொங்க்வோ மரியாதைக்குக் கேட்டுக்கொள்கிறான். அங்கே பிறந்த பெண் குழந்தைக்குத் தாயே தலையாயவள் என்று பொருள்படும் நெக்கா என்ற பெயரை வைக்கிறான்; அதுவும் தாய்வழி உறவினருக்காக. இரண்டு ஆண்டுகள் கழித்துப் பிறந்த மகனுக்கு அவன் வைத்த பெயர் ந்வோஃபியா, காட்டில் பிறந்தவன். ஏழு ஆண்டுகளும் அவன் மனத்தில் ஓடியது ஒரே திட்டம்: முன்னைவிடப் பெரிய வீடு, மகன்களுக்குப் பட்டம், வளர்ந்து அழகாக நிற்கும் மகள்களுக்குத் தன் ஊரான உமுஒஃபியாவிலேயே சம்பந்தம், ஊரே திரும்பிப் பார்க்கும்படியான வருகை. அவன் வந்து சேர்ந்தபோது உமுஒஃபியாவில் எல்லோரும் புதிய மதத்தையும் புதிய ஆட்சியையும், வெள்ளையர் திறந்த கடையில் பனை எண்ணெய்க்குக் கிடைக்கும் விலையையும் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார்கள்.